பினாங்கு ஜார்ஜ்டவுனில் காலிக் கடை எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

லெபோ பசார் தெருப் பக்கம் ஒரு கடை பூட்டிக் கிடக்கிறது, வாடகையும் கைக்கு அடக்கமாகத் தெரிகிறது என்றதும் தீபாவளி வியாபாரத்தை மனத்தில் வைத்து அன்றைக்கே டெபாசிட் கொடுத்துவிடுகிறார்கள் நம் ஆட்கள். அவசரப்படாதீர்கள். கடை ஏன் காலியானது என்று ஏஜெண்ட் முழுசாகச் சொல்ல மாட்டார், பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில் நின்று பத்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள்.

அடுத்தது, வெயில் நேரத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது. என் அண்ணன் ஜவுளிக்கடைக்கு எடுத்த இடம் ஆகஸ்டில் புதுப் பெயிண்டோடு பளிச்சென்று இருந்தது. அக்டோபர் மழையில் முற்றத்து ஓரமாக ஓடு ஒழுகி, மூன்று சேலைப் பெட்டிகள் ஊறிப்போய், மஞ்சள் பட்டில் சிவப்புச் சாயம் திட்டுத் திட்டாக இறங்கியதைப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது. பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பெயிண்ட் கொப்பளித்து உப்புப் பூக்கும். அதனால் மழை பெய்யும்போது ஒருமுறை போங்கள், சுவரின் அடியில் கை வைத்துப் பாருங்கள், மாடி உத்தரத்தையும் தட்டிப் பாருங்கள், கரையான் அரித்திருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

முகப்பை இடித்துக் கண்ணாடி போடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி இது, மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கும் வாடகை ஓடும், ஆகவே அந்தக் காலத்துக்கு வாடகை வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒப்பந்தம். 'அவர் நல்ல மனுஷன், வாய்வார்த்தை போதும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்துப் பழக்கம் அது. வாடகையை நினைத்தபடி ஏற்றாமலும் வாடகைக்காரரைக் கிளப்பாமலும் காத்த அந்தச் சட்டம் 2000-த்தோடு போய்விட்டது. முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிய வேண்டும். புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறலாம், கூரை ஒழுகினால் யார் செலவு, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அண்ணனின் ஒப்பந்தத்தில் கூரை என்ற சொல்லே இல்லை, ஓடு மாற்றிய செலவு முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது.