தோட்டத்துச் சாரைப்பாம்பைக் காக்கும் முறை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிளுவை வேலிகளிலும், ஈரோட்டு மஞ்சள் காடுகளின் வரப்புகளிலும் எலியைத் தேடிப் பகலிலேயே திரியும் சாரைப்பாம்பு நஞ்சற்றது. அதைப் பிடிப்பதையும் கொல்வதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே, அதைப் பேண விரும்புகிறவர் தம் தோட்டத்தைத்தான் அதற்கேற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், அடையாளம் காணப் பழகுங்கள். தள்ளி நின்று பார்த்தால், பெரிய கண்ணும் வட்டமான கருவிழியும், உதட்டுச் செதில்களுக்கு இடையே மை தீட்டியதுபோல் நிற்கும் கருங்கோடுகளும், உடலின் பின்பகுதியில் கரும்பட்டைகளும் தெரியும். மிரண்டால் கழுத்தை உப்பி உறுமும், படம் எடுக்காது. ஆனால் நாகமும் எந்நேரமும் படமெடுத்தபடி இருப்பதில்லை என்பதால், ஐயம் எழுந்தால் நாகமென்றே கொண்டு விலகிவிடுங்கள். சாரையும் நாகமும் பிணைவதாக ஊரில் சொல்லப்படும் காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் உடலை முறுக்கி, தலையை உயர்த்தி, ஒன்றையொன்று தரையில் சாய்க்க முயலும் போட்டியே.

அடுத்து, இரையைக் கெடுக்காதீர்கள். எலி, தவளை, ஓணான், சிறு பறவை ஆகியவற்றை அது உடலால் தரையோடு அழுத்தி, பெரும்பாலும் உயிரோடேயே விழுங்கும். எலி மருந்து தின்ற எலியை விழுங்கினால் பாம்புக்கும் கேடு என்பதால், சாரை நடமாடும் தோட்டத்தில் மருந்தைத் தவிர்த்துப் பொறி வையுங்கள். பால் வைப்பது வீண். அது பால் குடிக்கும் உயிரன்று.

மூன்றாவதாக, வலையைக் கவனியுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். மயிலுக்காகக் கட்டிய நைலான் வலைக்குள் தலையை நுழைக்கும் பாம்பு, பின்வாங்கும்போது செதிலில் நூல் மாட்டி, திமிரத் திமிர இறுகிக்கொள்ளும். வலையின் அடிவிளிம்பை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். வேலை முடிந்த வலையைச் சுருட்டி உள்ளே வையுங்கள். சிக்கிய பாம்பைக் கையால் இழுக்காமல், 101 எண்ணில் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைத்து, அவர்கள் வரும்வரை ஆட்களையும் நாயையும் விலக்கி வையுங்கள்.

சோளத்தட்டுப் போருக்குள் பாம்பு பதுங்கியிருக்கலாம் என்பதால், அதைப் பிரிக்கும்போது மேலிருந்து மெதுவாகப் பிரிப்பது நல்லது. கடி பட்டால், சாரைதான் என்று தோன்றினாலும், கட்டுப் போடாமல், கீறாமல், 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.