அப்பாக்களே, உங்கள் தனிமையைத் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) புதிதாக அப்பா ஆன தம்பிகள் சிலர் இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் போதும் என்று தவிக்கிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வயதில் நாங்கள் செய்ததையே அவர்களும் செய்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கைப்பேசியை ஓரமாக வை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

தூக்கத்தில் கைவைப்பது

விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவன் நள்ளிரவில் தனிமை தேடக் கூடாது.

ஓ.டி. (மிகைநேர வேலை) என்று பொய் சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். செம்பனை ஆலையில் வேலை செய்கிறவனுக்கு இந்தப் பொய் ரொம்ப வசதி. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்கப் பார்ப்பார்கள், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் காய்ப்பு அதிகமுள்ள மாதங்களில் லாரி வரிசை தீரும்வரை ஆலை ஓடும். வீட்டில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தம்பி ஒருவன் இப்படிச் சொல்லிவிட்டு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ஒரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) தனியாக உட்கார்ந்திருப்பான். மாதக் கடைசியில் சம்பளச் சிட்டு வந்தது. சாதாரண நாளில் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு என்பது சட்டம், அவன் மனைவி அதைக் கணக்குப் போட்டு பால்மாவுக்கும் பேம்பர்ஸுக்கும் மனதுக்குள் ஒதுக்கியே வைத்திருந்தாள். சிட்டில் அந்த வரி காலி.

அவள் பணத்தைக் கேட்கவில்லை. “அப்ப எங்க போனீங்க?” என்றுதான் கேட்டாள். கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று அவன் உண்மையைச் சொன்னபோது அது நம்புகிற மாதிரி இல்லை. இப்போது நிஜமாகவே ஓ.டி. இருந்தாலும் கொதிகலன் பக்கத்தில் நின்று புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்புகிறான். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இவ்வளவு பெரிய விலை! “வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் தனியா நடந்துட்டு வரேன்மா” என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நேரமே இல்லை என்பது

2023 ஜனவரியில் சட்டப்படி வார வேலை நேரம் 48-லிருந்து 45 ஆகக் குறைந்தது. அந்த மூன்று மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பிள்ளை தூங்கட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். நாள் குறியுங்கள்.

அவளுக்கு விடாமல் நீங்கள் மட்டும் எடுப்பது

முதல் வாரம் அவள் போகட்டும். கோயிலுக்கோ, அக்கா வீட்டுக்கோ, இல்லை கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவோ, அது அவள் இஷ்டம். அந்த நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அழுதால் தூக்கிக்கொண்டு வாசலில் நடப்பது உங்கள் வேலை. துண்டு எங்கே, மருந்து எங்கே என்று அவளுக்குப் போன் போடாதீர்கள், முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் வியாழக்கிழமையைக் கேளுங்கள்.