கம்பெனி லீஸ்ல எலக்ட்ரிக் கார் எடுக்கப் போறீங்களா? ரீசேல் கணக்கை முதல்ல இப்படி போட்டு பாருங்க

ஆபீஸ்ல கார் லீஸ் ஸ்கீம் ஓப்பன் ஆகுதுன்னு எச்ஆர் மெயில் வந்த உடனே எல்லாரும் பாக்குறது ரெண்டே நம்பர்தான், மாசம் சம்பளத்துல எவ்ளோ பிடிப்பாங்க, டாக்ஸ்ல எவ்ளோ மிச்சம். பாக்க வேண்டியதுதான், ஆனா எலக்ட்ரிக் காருக்கு அதை விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. லீஸ் முடியிற அன்னைக்கு அந்த கார் யார் தலையில விழும்? பெட்ரோல் காருக்கு இதை கேக்காம விட்டாலும் பெருசா அடி படாது, ஏன்னா நாலு வருஷம் ஓடின பெட்ரோல் கார் என்ன விலைக்கு போகும்னு தெருமுனை மெக்கானிக்ல இருந்து புரோக்கர் வரைக்கும் எல்லார் மனசுலயும் ஒரு கணக்கு இருக்கு. எலக்ட்ரிக் காருக்கு அந்த கணக்கு நம்ம ஊர்ல இன்னும் செட் ஆகல. நான் 2021ல கம்பெனி லீஸ்ல ஒரு எலக்ட்ரிக் கார் எடுத்து, நடுவுல வேலை மாறி, அதை நானே வாங்கி, அப்புறம் வித்தும் முடிச்சிட்டேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன், சென்னையை வச்சு.

முதல்ல உங்க கம்பெனி கொடுக்குறது எந்த மாதிரி லீஸ்னு கண்டுபிடிங்க. பேர் எல்லாம் லீஸ்தான், உள்ள ரெண்டு வகை. ஒண்ணு ஃபைனான்ஸ் லீஸ், வண்டி விலையில பெரும்பகுதியை நீங்க வாடகையா கட்டிடுவீங்க, கடைசியில ரெசிடுவல் வேல்யூன்னு ஒரு தொகை நிக்கும், அதை கட்டி வண்டியை உங்க பேருக்கு மாத்திக்கணும். இன்னொண்ணு ஆபரேட்டிங் லீஸ், காலம் முடிஞ்சா சாவியை கொடுத்துட்டு வந்துடலாம், மார்க்கெட்ல அது என்ன விலைக்கு போனாலும் லீஸ் கம்பெனி பாடு. அக்ரிமெண்ட்ல "முடிவில் வாகனத்தை ஊழியர் வாங்க வேண்டும்"னு இருக்கா, "வாங்கலாம்"னு இருக்கா பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. வாங்கியே ஆகணும்னா அது லோன் மாதிரிதான், ரீசேல் ரிஸ்க் முழுக்க உங்களுது. என்னோடது அப்படித்தான் இருந்துச்சு, கையெழுத்து போடும்போது நான் அந்த பக்கத்தை படிக்கவே இல்ல.

என் கருத்து இது: பெட்ரோல் கார்னா ஃபைனான்ஸ் லீஸ் ஓகே, எலக்ட்ரிக் கார்னா திருப்பி கொடுக்குற ஆப்ஷன் இருக்குற லீஸை தேடுங்க. ஆபரேட்டிங் லீஸ்ல மாச வாடகை கூட வரும், அதை பார்த்து பின்வாங்காதீங்க. மாசம் 4,000 ரூபாய் கூடன்னா 48 மாசத்துக்கு 1.92 லட்சம், அதாவது ரீசேல் விழுந்தா காப்பாத்துறதுக்கு நீங்க கட்டுற பிரீமியம் அது. நாலு வருஷத்துல நம்ம கணக்கை விட 2 லட்சத்துக்கு மேல விலை இறங்கும்னு பயம் இருந்தா கட்டுங்க, இல்லன்னா வேண்டாம். இப்படி ரூபாயா மாத்தி பார்த்தா முடிவு எடுக்குறது ஈசி.

டாக்ஸ் பக்கம் சீக்கிரமா சொல்லிடுறேன். லீஸ் வாடகை சம்பளத்துல டாக்ஸுக்கு முன்னாடியே போகும், பதிலுக்கு கம்பெனி காரை சொந்தத்துக்கும் ஓட்டுறதுக்கு பெர்க்விசிட்னு (கம்பெனி கொடுக்குற சலுகையோட மதிப்பு) ஒரு ஃபிக்ஸட் தொகை உங்க வருமானத்துல சேரும். பல வருஷமா அது 1,600 சிசி வரைக்கும் மாசம் 1,800, அதுக்கு மேல 2,400, டிரைவர் இருந்தா இன்னொரு 900னு இருந்துச்சு. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரி சட்டம், அதனால இப்போதைய தொகையை பேரோல் டீம்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க. 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவங்களுக்கு லீஸ் நல்லாவே வேலை செய்யும், கீழ் ஸ்லாப்ல இருந்தா மிச்சமாகுறது குறைவு, அவங்க சாதாரண கார் லோனையும் பக்கத்துல வச்சு பாக்கணும். அப்புறம் 80ஈஈபின்னு எலக்ட்ரிக் கார் லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரைக்கும் கழிவு இருக்குன்னு இன்னும் சில சேல்ஸ் பசங்க சொல்றாங்க, அது 2023 மார்ச் 31 வரைக்கும் சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான், இப்ப எடுக்குற லோனுக்கு கிடையாது.

ஜிஎஸ்டிதான் எலக்ட்ரிக் காருக்கு பெரிய பலம். எலக்ட்ரிக் காருக்கு 2019 ஆகஸ்ட்ல இருந்து 5 சதவீதம், லீஸ் வாடகைக்கும் வண்டிக்கு என்ன ரேட்டோ அதேதான். பெட்ரோல்ல சின்ன கார்னா 2025 செப்டம்பர் 22ல இருந்து 18, பெரிய கார்னா 40. ஸோ மாசா மாசம் வர்ற இன்வாய்ஸ்லயே அந்த வித்தியாசம் நிக்கும், கொட்டேஷன் வாங்கும்போது ஜிஎஸ்டி சேத்து ஒரு நம்பர், சேக்காம ஒரு நம்பர் ரெண்டும் கேளுங்க. நம்ம தமிழ்நாட்டுல இன்னொரு விஷயம், 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் விலை இருக்குற பெட்ரோல் காருக்கு ஆயுட்கால வரியே 18 சதவீதம், 20க்கு மேல போனா 20 சதவீதம். எலக்ட்ரிக் காருக்கு ரோடு டாக்ஸ் விலக்கு, ஆனா அதை ஒரு கெடு வச்சுத்தான் கொடுத்து அப்பப்ப நீட்டிக்கிறாங்க, நீங்க ரெஜிஸ்டர் பண்ற தேதிக்கு அது இருக்கான்னு ஷோரூம்ல எழுத்துல வாங்கிக்கோங்க.

இப்ப கணக்கு. பேப்பர் எடுத்து எழுதுங்க, எக்ஸெல் எல்லாம் வேண்டாம். ஒரு பெட்ரோல் காம்பாக்ட் எஸ்யூவி ஆன்ரோடு 14 லட்சம், அதே சைஸ் எலக்ட்ரிக் 16 லட்சம்னு வச்சுக்குவோம். நாலு வருஷம் கழிச்சு பெட்ரோல் 60 சதவீதத்துக்கு போச்சுன்னா 8.4 லட்சம், நஷ்டம் 5.6. எலக்ட்ரிக் 45 சதவீதத்துக்கு போச்சுன்னா 7.2 லட்சம், நஷ்டம் 8.8. ரீசேல்ல மட்டும் எலக்ட்ரிக் 3.2 லட்சம் பின்னாடி நிக்குது. அடுத்து ஓட்டுற செலவு. சிட்டி டிராஃபிக்ல பெட்ரோல் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய்னா கிலோமீட்டருக்கு 7.2 ரூபாய். எலக்ட்ரிக் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர், யூனிட் 10 ரூபாய்னு போட்டா ஒன்றரை ரூபாய். யூனிட் 10 ரூபாயான்னு கேப்பீங்க, ஆமா, வீட்டு மீட்டர்லயே சார்ஜ் போட்டா ரெண்டு மாச பில்லு 500 யூனிட்டை சுலபமா தாண்டிடும், தாண்டினா மொத்த ஸ்லாப்பும் மாறிடும், அதனால பழைய பில்லுல இருக்குற ரேட்டை வச்சு கணக்கு போடாதீங்க. ஆக கிலோமீட்டருக்கு 5.7 ரூபாய் மிச்சம். மாசம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினா நாலு வருஷத்துல 57,600, மிச்சம் 3.28 லட்சம்.

பாருங்க, ரீசேல்ல போனது எரிபொருள்ல வந்துடுச்சு, கிட்டத்தட்ட சரிக்கு சரி. அதாவது இந்த நம்பருங்களுக்கு மாசம் 1,200 கிலோமீட்டர்தான் எல்லைக்கோடு. தாம்பரத்துல இருந்து சிறுசேரிக்கு தினம் போய் வர்றவங்களுக்கு எலக்ட்ரிக் தெளிவா லாபம், வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ், மிச்ச நாள் ஒர்க் ஃப்ரம் ஹோம்னா பெட்ரோல் பக்கம்தான் காசு நிக்கும், யார் என்ன சொன்னாலும். வீட்ல சார்ஜர் போட முடியாம பப்ளிக் ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினா யூனிட் 20 ரூபாய் ஆகும், அப்ப கிலோமீட்டருக்கு 3 ரூபாய், எல்லைக்கோடு 1,600க்கு போயிடும். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க கார் புக் பண்றதுக்கு முன்னாடி அசோசியேஷன்ல சார்ஜிங் பாயிண்ட்டுக்கு பர்மிஷன் லெட்டர் கையில வாங்கிடுங்க.

45 சதவீதம்னு நான் குறைச்சு போட்டதுக்கு காரணம் இருக்கு. எலக்ட்ரிக் காரோட பழைய விலையை அடிச்சு இறக்குறது பெரும்பாலும் புது காரோட விலைதான். டாடா நெக்ஸான் ஈவி 2020 ஜனவரியில 30.2 கிலோவாட் அவர் பேட்டரியோட 13.99 லட்சத்துல இருந்து வந்துச்சு, 2024 செப்டம்பர்ல பண்டிகை சீசனுக்கு விலை குறைச்சப்போ புது நெக்ஸான் ஈவியே 12.49ல இருந்து கிடைச்சுது. புதுசே அந்த விலைன்னா பழசுக்கு யார் அதிகம் கொடுப்பாங்க? பெட்ரோலுக்கும் இந்த அடி விழுந்துச்சு, 2025 ஜிஎஸ்டி குறைப்புல புது சின்ன கார் விலை இறங்கினதும் யூஸ்டு மார்க்கெட்டும் கூடவே இறங்குச்சு, ஆனா அது எப்பவோ ஒரு தடவை நடக்குறது. எலக்ட்ரிக்ல பேட்டரி விலை குறைய குறைய, ரேஞ்ச் கூட கூட இது தொடர்ந்து நடக்கும்.

அடுத்தது யாரும் சொல்லாத விஷயம், ஓனர் நம்பர். லீஸ்ல ஆர்சி லீஸ் கம்பெனி பேர்ல இருக்கும். கடைசியில நீங்க வாங்கினா ஆர்சில நீங்க செகண்ட் ஓனர், உங்ககிட்ட வாங்குறவர் தேர்ட் ஓனர். புது கார்ல இருந்து நீங்க மட்டும்தான் ஓட்டினீங்கன்னாலும் யூஸ்டு கார் ஆப்ல தேர்ட் ஓனர்னு போட்டா விலை குறையும். பெட்ரோலுக்கும் இதே கதைதான், ஆனா எலக்ட்ரிக்ல இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, இப்ப லைஃப்டைம் பேட்டரி வாரண்டின்னு விளம்பரம் பண்றது பல மாடல்ல ஃபர்ஸ்ட் ஓனருக்கு மட்டும்தான். எம்ஜி விண்ட்ஸர்ல ஃபர்ஸ்ட் ஓனருக்கு லைஃப்டைம், கை மாறினா 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். லீஸ் கம்பெனியில இருந்து உங்க பேருக்கு மாறும்போது வாரண்டி எந்த கணக்குல போகும்னு கார் கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டு பதிலை சேவ் பண்ணி வைங்க. விக்கும்போது அந்த மெயிலுக்கு மதிப்பு இருக்கு.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்குற திட்டமும் இருக்கு. 2024ல விண்ட்ஸர் வந்தப்போ கார் 9.99 லட்சம், பேட்டரி கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய்னு போட்டாங்க, பேட்டரியோட முழு விலை 13.49ல இருந்து. ஷோரூம் விலை குறைவா தெரியும், ஆனா பேட்டரி பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட கடன் ஓடிட்டே இருக்கும், மாசம் இவ்ளோ கிலோமீட்டருக்கு மினிமம் கட்டணும்னும் இருக்கலாம். விக்கும்போது வாங்குறவர் அந்த கடனை ஏத்துக்கணும், இல்ல நீங்க அடைச்சுட்டு கொடுக்கணும். ரீசேலை நினைச்சு வாங்குறவங்களுக்கு நான் இதை சொல்ல மாட்டேன். அதே காருக்கு மூணு வருஷம் கழிச்சு 60 சதவீத விலைக்கு கம்பெனியே திருப்பி வாங்கிக்கும்னு பைபேக் கொடுத்தாங்க, அந்த மாதிரி எழுத்துல இருக்குற பைபேக் உங்க மாடலுக்கு கிடைச்சா அது நல்ல பாதுகாப்பு. கிலோமீட்டர் லிமிட் எவ்ளோ, ஆக்சிடெண்ட் கிளெய்ம் போட்டா செல்லுமா, 60 சதவீதம்ங்கறது எந்த விலைமேலன்னு மூணையும் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

அப்புறம் வேலை மாறுறது. எனக்கு 26வது மாசம் நல்ல ஆஃபர் வந்துச்சு, பேப்பர் போட்டேன், ஒரு வாரத்துல லீஸ் கம்பெனியில இருந்து ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட், அதாவது லீஸை பாதியில முடிக்க எவ்ளோ கட்டணும்னு கணக்கு, வந்துச்சு. மிச்ச அசல், ரெசிடுவல் வேல்யூ, ஃபோர்குளோஷர் சார்ஜ், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு ஒரே பக்கத்துல. புது கம்பெனி எலக்ட்ரிக் லீஸை டிரான்ஸ்ஃபர் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அன்னைக்கு மார்க்கெட்ல வண்டி போற விலையை விட அந்த தொகை கூட. வைஃப் நகையை வச்சுத்தான் முடிச்சோம். அதனால ரெண்டு வருஷத்துக்குள்ள வேலை மாறுற ஐடியா துளி இருந்தாலும் லீஸ் எடுக்காதீங்க, எடுத்தே ஆகணும்னா 12, 24, 36வது மாசத்துல வெளிய வந்தா எவ்ளோ கட்டணும்னு ஒரு டேபிள் போட்டு தரச் சொல்லுங்க.

விக்கிற கட்டம். பெட்ரோல் காரை பாக்க வந்தா புரோக்கர் ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை மிதிச்சு, டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலை விரல்ல தேச்சு பார்த்துட்டு விலை சொல்லிடுவார். என் காரை பாக்க வந்தவர் பழக்கத்துல பானெட்டை திறந்தார், கொஞ்ச நேரம் உள்ள பார்த்துட்டே நின்னார், தொட்டு பாக்க ஒண்ணும் இல்ல. மெதுவா மூடிட்டு "பேட்டரி போச்சுன்னா எவ்ளோ சார் ஆகும்?"னு கேட்டார். அப்புறம் "தண்ணியில நின்ன வண்டியா? மிக்ஜாம் புயல் அப்போ எங்க இருந்துச்சு?"ன்னார். நான் சர்வீஸ் சென்டர்ல எடுத்த பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட், எல்லா சர்வீஸ் பில், வாரண்டி இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்ற லெட்டர் மூணையும் கையில கொடுத்தேன். ரிப்போர்ட்ல எஸ்ஓஹெச், அதாவது புதுசா இருந்தப்போ இருந்த பேட்டரி திறன்ல இப்ப மிச்சம் இருக்குறது, 93 சதவீதம்னு இருந்துச்சு, அதுக்கப்புறம் அவர் முதல்ல சொன்ன விலையில இருந்து 70,000 ஏறினார்.

அதனால கார் உங்ககிட்ட இருக்கும்போதே அந்த ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து ஃபைல்ல வைங்க. தினமும் வீட்ல ஸ்லோ சார்ஜ், ஃபாஸ்ட் சார்ஜர் ஹைவேஸ்ல போகும்போது மட்டும். மே மாச வெயில்ல 100 சதவீதம் ஏத்திட்டு நாள் கணக்கா மொட்டை வெயில்ல நிறுத்தாதீங்க. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரின்னா அப்பப்ப ஒரு தடவை 100 வரைக்கும் மெதுவா ஏத்துங்க, அப்பத்தான் மீட்டர் காட்டுற சார்ஜ் சரியா இருக்கும். சர்வீஸ் தேதியை தள்ளிப் போட்டா வாரண்டிக்கு பிரச்சினை வரும்.

விக்கும்போது நேரா ஒருத்தருக்கு கொடுத்தா ஜிஎஸ்டி கிடையாது. டீலர் மூலமா போனா அவருக்கு கிடைக்குற மார்ஜின்ல 18 சதவீதம் ஜிஎஸ்டி, பழைய எலக்ட்ரிக் காருக்கு அது 12ல இருந்து 18 ஆனது 2024 டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் மீட்டிங்ல முடிவானது, டீலர் அதை உங்க விலையிலதான் கழிப்பார். திருப்பி கொடுக்குற லீஸ்னா ஒப்படைக்கிற அன்னைக்கு நாலு பக்கமும், வீல், சீட், ஓடோமீட்டர், சார்ஜிங் கேபிள் எல்லாத்தையும் வீடியோ எடுத்து, வண்டியை எடுத்துக்க வர்ற லீஸ் கம்பெனி ஆள் கையெழுத்தோட ஒரு இன்ஸ்பெக்ஷன் ஷீட் வாங்கிடுங்க. ஃபாஸ்டேக்கை குளோஸ் பண்ணுங்க, கார் ஆப்ல உங்க அக்கவுண்ட்டை ரிமூவ் பண்ணுங்க, வீட்டு சுவர்ல இருக்குற சார்ஜர் காரோட போகுதா உங்களுக்கேவான்னு அக்ரிமெண்ட்ல பார்த்துட்டு கழட்டுங்க.