பலத்த காற்றில் கோப்பைப் போட்டி: பணியிடக் கால்பந்து அணிக்கு ஒரு வழிகாட்டி

பலத்த காற்றில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தை ஒரே ஆட்டமாக எண்ணித் திட்டமிடக் கூடாது. எதிர்காற்றில் ஆடும் பாதியும் காற்றோடு ஆடும் பாதியும் இரு வேறு ஆட்டங்கள். தற்காப்பு நிற்கும் இடம், கோல் கிக் எடுக்கும் முறை, முன்கள வீரர்கள் ஓட வேண்டிய திசை ஆகிய அனைத்தும் இடைவேளைக்குப் பிறகு மாறிவிடுகின்றன. தோற்றால் வெளியேற வேண்டிய கோப்பைப் போட்டியில், அந்த மாற்றத்தை ஆட்டத்தின் நடுவே கற்றுக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. வேலை நேரம் போக மிஞ்சும் ஓரிரு மாலைகளில் மட்டும் கூடிப் பயிற்சி செய்யும் அணிகள், ஆட்டத்துக்கு முன்பே அமர்ந்து பேசி முடிவெடுத்துக்கொள்வது அவசியம். இத்தகைய அணிகள் எதிர்காற்றில் தோற்பதைவிட, காற்று தங்கள் பக்கம் இருந்த பாதியை வீணடித்துத் தோற்பதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி அந்தப் பாதியையும் தனியாக எடுத்துப் பேசுகிறது.

ஆட்டத்துக்கு முன்

வானிலை முன்னறிவிப்பில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல், இடையிடையே வீசும் சூறையின் வேகத்தையும் பாருங்கள். பந்தைத் திசைமாற்றிக் கோலாக்குவது பெரும்பாலும் அந்தத் திடீர் வீச்சுதான். காற்றின் வலிமையை நிலைகளாக வகுக்கும் பொஃபோர்ட் அளவுகோலின்படி, சிறு மரங்கள் ஆடத் தொடங்கும் 5-ஆம் நிலை என்பது மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது கடினமாகும் 6-ஆம் நிலை 39 முதல் 49 கிலோமீட்டர். 5-ஆம் நிலையிலேயே உயரப் பந்தை நம்பி ஆடுவது சிரமம். மரங்களிலிருந்து சுள்ளிகள் ஒடிந்து விழும் 8-ஆம் நிலையில், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல், ஆடவே வேண்டாம். நடுவரிடமும் போட்டி அமைப்பாளர்களிடமும் ஒத்திவைக்கக் கோருங்கள்.

ஒரு மணி நேரம் முன்னதாகக் களத்துக்குச் சென்று, நான்கு மூலைகளிலும் நடுவட்டத்திலும் நின்று காற்றை உணர்ந்து பாருங்கள். அருகிலுள்ள கட்டடமோ மரவரிசையோ காற்றை மறித்துச் சுழல வைக்கும் இடங்கள் களத்தில் இருக்கக்கூடும். ஒரு மூலையில் காற்றே இல்லாமலும் எதிர்மூலையில் பந்து நிற்காமலும் இருப்பதை முன்கூட்டியே அறிந்த அணிக்கு அது பெரிய ஆதாயம்.

கோல் கம்பங்கள் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளனவா என்பதை நீங்களே அசைத்துப் பார்க்க வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய கோல் சட்டங்கள் காற்றில் கவிழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்ததுண்டு. ஆகவே, ஆட்ட விதிகள் அவற்றைப் பிணைத்தாக வேண்டும் என்று சொல்கின்றன. பிணைக்கப்படாத சட்டத்தின் முன் ஆட மறுக்கும் கேப்டன் சரியானதைச் செய்கிறார். திங்கட்கிழமை அனைவரும் நலமாக வேலைக்குத் திரும்புவதைவிடக் கோப்பை பெரிதல்ல.

பந்தையும் சோதியுங்கள். விதிப்படி அது 410 முதல் 450 கிராம் எடையும் 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும் கொண்டிருக்க வேண்டும். எடை குறைந்த மலிவான பந்து காற்றில் மேலும் அதிகமாக அலையும் என்பதால், உரிய எடையுள்ள பந்து ஒன்றை நீங்களே கொண்டுசென்று நடுவரிடம் காட்டலாம்.

டாஸ்

2019 முதல், டாஸில் வென்ற அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குவது என்பதையோ, ஆட்டத்தைத் தொடங்கும் உதையையோ தேர்ந்தெடுக்கலாம். காற்று வீசும் நாளில் தயங்காமல் திசையைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க உதையைக் கேட்டால், திசையை முடிவு செய்யும் உரிமை எதிரணிக்குப் போய்விடும்.

காற்றை முதலில் வைத்துக்கொள்வதா, பிற்பாதிக்கு ஒதுக்குவதா என்பதற்குப் பொதுவான ஒரே விடை இல்லை. புயல் சின்னமோ மழை மேகமோ குறுக்கிடாத நாள்களில், தரையருகே வீசும் காற்று வெயில் ஏற ஏற வலுத்து, பிற்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் தணிவது வழக்கம். எனவே மாலை ஆட்டமாக இருந்தால், கையிலிருக்கும் காற்றை முதல் பாதியிலேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிற்பாதிக்கு அது மிஞ்சாமல் போகலாம். காலை ஆட்டமாக இருந்தால், காற்று இன்னும் வலுக்கும் என்று எதிர்பார்த்து முதல் பாதியில் அதை எதிர்த்து ஆடுவதே நல்லது. கால்கள் களைக்காத நேரத்தில் கடினமான பாதி முடிந்துவிடும். இந்த இரண்டும் பொருந்தாத நாளில், அணியின் உடல் தகுதியே அளவுகோல். கடைசி அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கும் அணி என்று உங்களை நீங்களே அறிந்திருந்தால், எதிர்காற்றை அந்த நேரத்துக்கு ஒதுக்காதீர்கள்.

எதிர்காற்றில் ஆடும் பாதி

காற்றின் எதிர்ப்பு, பந்துக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடியை ஏறத்தாழ ஒட்டிப் பெருகுகிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நீங்கள் உதைக்கும் பந்து, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் எதிர்காற்றைச் சந்திக்கும்போது, அசையாத காற்றில் உணரும் தடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தடையை உணர்கிறது. மேலும், தரையோடு ஒட்டிய காற்று மெதுவாகவும் உயரே வீசும் காற்று வேகமாகவும் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எதிர்காற்றில் பந்தை உயரத் தூக்குவதைப் போன்ற வீண் முயற்சி வேறில்லை. குறுகிய பாஸ், தரையோடு செல்லும் பாஸ், அருகருகே நிற்கும் மூவர் என்ற அமைப்பே இந்தப் பாதிக்கு உரியது. முன்கள வீரர் ஒருவர் வழக்கத்தைவிடப் பின்னே இறங்கி வந்து பந்தைக் காலில் வாங்கித் தர வேண்டும்.

இந்தப் பாதியில் நம் தற்காப்பு வீரர்களை நோக்கி வரும் எதிரணியின் உயரப் பந்து, எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிச் சென்று விழும். ஆகவே நான்கைந்து அடி பின்தள்ளி நின்று, பந்து தலையைக் கடக்கும் முன்பே சந்திக்க வேண்டும். ஒரு விதியை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்: களத்தில் நம் பக்கப் பாதியில் பந்தைத் தரையில் குத்தி எழ விடக் கூடாது. குத்தி எழும் பந்தைக் காற்று மறுபடியும் பற்றிக்கொள்ளும். 2013 நவம்பர் 2 அன்று இங்கிலாந்து பிரீமியர் லீக்கில், ஸ்டோக் சிட்டி கோல்கீப்பர் அஸ்மிர் பெகோவிச், ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே ஆன நிலையில் தம் பெனால்டி பகுதியிலிருந்து உதைத்து அனுப்பிய பந்து, காற்றின் துணையோடு சவுத்தாம்ப்டன் கோல்கீப்பரின் முன்னே குத்தி, அவர் தலைக்கு மேலே எழும்பிக் கோலுக்குள் போனது. 2021 ஜனவரியில் நியூபோர்ட் கவுன்டி அணியின் டாம் கிங் எடுத்த கோல் கிக் 96.01 மீட்டர் கடந்து கோலாகி, கின்னஸ் சாதனையானது. தொழில்முறை கோல்கீப்பர்களுக்கே இது நேரும்போது, நம் கோல்கீப்பர் கோல் கோட்டை விட்டு அதிகம் முன்னே வந்து நிற்பது தகாது.

கோல் கிக்கின்போது பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. எதிர்காற்றில் இது பெரும் வரம். அருகிலுள்ள தற்காப்பு வீரருக்குக் குறுகிய பாஸாகவே கோல் கிக்கை எடுக்கலாம். ஆனால் பந்தைக் காலில் வைத்து நிதானமாக ஆடத் தெரியாத தற்காப்பு வீரரிடம் அதைக் கொடுப்பதைவிட, பக்கக் கோட்டை நோக்கித் தாழ்வாக ஓங்கி உதைப்பதே மேல். நேர் நடுவே உயர உதைக்கும் கோல் கிக், சிறிது தூரமே முன்னேறி எதிரணி நடுக்கள வீரரின் காலில் வந்து விழும்.

விதிகளில் ஒரு நுணுக்கத்தைக் கோல்கீப்பர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கோல் கிக் காற்றால் திரும்பி வந்து யாரும் தொடாமல் சொந்தக் கோலுக்குள் நேராகப் போனால், எதிரணிக்குக் கார்னர் மட்டுமே கிடைக்கும். ஆனால் கையிலிருந்து விட்டு உதைத்த பந்து அவ்வாறு திரும்பிக் கோலுக்குள் போனால் அது கோல்தான். உதைத்த பந்து திரும்பி வருகிறது என்று வேறொருவர் தொடும் முன் அவரே ஓடிப்போய்க் கையால் பிடித்தால், எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கிடைக்கும். எனவே எதிர்காற்றில் அவர் கையால் உருட்டிவிடுவதே பாதுகாப்பானது. 2025-26 விதிகளின்படி, 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் வழங்கப்படும் என்பதால், சூறை தணியட்டும் என்று நெடுநேரம் காத்திருக்கவும் முடியாது.

ஒரு கோல் பின்தங்கிய நிலையில் இந்தப் பாதியை முடிப்பது தோல்வி அல்ல என்பதை அணி முழுவதும் ஏற்றுக்கொண்டால், பதற்றத்தில் இரண்டாவது, மூன்றாவது கோலை விட்டுக்கொடுக்கும் நிலை பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

காற்றோடு ஆடும் பாதி

காற்று துணைக்கு வந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தூரத்திலிருந்து ஓங்கி உதைக்கும் ஆசை வந்துவிடும். முன்கள வீரருக்கு முன்னே போடப்படும் நீண்ட பந்து, அவர் ஓடி எட்டும் முன்பே கோட்டைக் கடந்து, எதிரணிக்குக் கோல் கிக்காக முடியும். ஒவ்வொரு கோல் கிக்கும் எதிரணிக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் அரை நிமிடம். இப்படி அந்தப் பாதியில் பெரும்பகுதி, பந்து ஆடுகளத்துக்கு வெளியே இருக்கும் நேரமாகவே கழிந்துவிடும். ஆகவே காற்றோடு ஆடும்போதுதான் பந்தை இன்னும் கவனமாகத் தரையில் வைத்து ஆட வேண்டும். நீண்ட பாஸ் கொடுப்பதானால் ஓடுபவரின் முன்னே அல்லாமல், அவர் காலுக்கே கொடுக்க வேண்டும்.

கோலை நோக்கி உதைக்கும் உரிமை இந்தப் பாதியில் தாராளமாக இருக்கட்டும். ஆனால் தாழ்வாக, கம்பங்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இருபது மீட்டரிலிருந்து கோல்கீப்பரின் முன் ஒருமுறை குத்தும் தாழ்வான உதை, அவர் கையிலிருந்து நழுவ வாய்ப்புள்ளது. நழுவும் பந்துக்காக இருவர் எப்போதும் பின்தொடர்ந்து ஓட வேண்டும். பக்கவாட்டிலிருந்து கோல் முன்னே அனுப்பும் குறுக்குப் பந்தை வழக்கமான விசையில் பாதியளவு மட்டும் கொடுத்து அடித்தால் போதும்.

எதிரணியின் உயரப் பந்துகள் இப்போது நடுவானில் தயங்கிக் குறைந்த தூரத்திலேயே விழும் என்பதால், தற்காப்பு வரிசை நடுக்கோட்டை நெருங்கி நிற்கலாம். கோல்கீப்பரும் பெனால்டி பகுதியின் விளிம்பு வரை வந்து நிற்கலாம். எதிரணி எடுக்கும் கோல் கிக் விழும் இடத்தில் நம் நடுக்கள வீரர்கள் இருவர் காத்திருந்தால், இந்தப் பாதியின் தாக்குதல்களில் பெரும்பகுதி அங்கிருந்தே தொடங்கும்.

கார்னரைக் கோலாக்கும் வாய்ப்பும் இங்கே அதிகம். கார்னரிலிருந்து நேரடியாகக் கோல் அடிக்கலாம் என்பதால், காற்று வளைக்கும் பக்கத்தை அறிந்த ஒருவர் முதல் கம்பத்தை நோக்கி உள்வளைவாக உதைத்து, நம் வீரர் ஒருவர் கோல்கீப்பரின் பார்வைக் கோட்டில், ஆனால் அவரைத் தடுக்காமல், நின்றால் போதும். பந்து அசையாமல் இருந்தாக வேண்டும் என்பதால், களமூலையில் வரையப்பட்ட கால் வட்டத்துக்குள் தரை சற்றே குழிந்த இடத்தைத் தேடி வையுங்கள்.

காற்று முற்றிலும் நேராக வீசும் நாள் அரிது. குறுக்காக வீசினால் ஆட்டம் முழுவதும் ஒரு பக்கக் கோட்டை நோக்கி ஒதுங்கிவிடும். அந்தப் பக்கத்தில் த்ரோ-இன்கள் குவியும். அங்கே நன்றாக ஓடக்கூடிய பக்க வீரரை நிறுத்தி, த்ரோ-இன்னுக்கு இரண்டு எளிய முறைகளை முன்பே பழகிக்கொள்ளுங்கள். த்ரோ-இன்னிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெறும்போது ஆஃப்சைடு கிடையாது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

குரலும் மாற்று வீரர்களும்

காற்றில் குரல் கேட்காது. பணியிட அணிகளில் இன்னொரு தயக்கமும் உண்டு: அலுவலகத்தில் மேலதிகாரியாக இருப்பவரைக் களத்தில் உரத்து அழைக்க இளையவர் கூசுவார். ஆட்டத்துக்கு முன்பே கேப்டன் எல்லோர் முன்னிலையிலும் இதைப் பேசி, பதவி வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவான இரண்டு மூன்று சொற்களையும், 'விடு', 'என்னிடம்', 'பின்னால் ஆள்' என்பவற்றுக்குக் கை சைகைகளையும் வகுத்துக்கொள்ள வேண்டும். கோல்கீப்பரும் நடுத் தற்காப்பு வீரரும் ஒரே பந்துக்குச் சென்று மோதிக்கொள்வது இத்தகைய நாள்களில்தான்.

மாற்று வீரர்களில் ஒருவரையாவது கூடுதல் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கூடுதல் நேரத்துக்கு மீண்டும் டாஸ் போடப்படும்; அதற்குள் காற்று தணிந்திருக்கலாம் அல்லது திசை மாறியிருக்கலாம் என்பதால், கேப்டன் முதல் டாஸின் முடிவையே திரும்பச் சொல்லாமல் காற்றைப் புதிதாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெனால்டி உதைகள் வரை சென்றால், எந்தக் கோலில் எடுப்பது என்பதை நடுவர் டாஸால் முடிவு செய்வார். அணிகளுக்கு அதில் தெரிவு இல்லை. முதலில் உதைப்பதா, இரண்டாவதாக உதைப்பதா என்பதற்கு இன்னொரு டாஸ் உண்டு. இங்கே மேல் மூலைகளைக் குறிவைக்கும் திறமைசாலியைவிட, தாழ்வாகவும் உறுதியாகவும் உதைக்கும் பழக்கமுள்ளவரே நம்பத் தகுந்தவர். பந்து புள்ளியிலிருந்து உருண்டால் பொறுமையாகத் திரும்ப எடுத்து வைத்து, அது அசையாமல் நின்றதை நடுவர் கண்டு விசில் ஊதிய பிறகு மட்டுமே ஓடத் தொடங்குங்கள்.