எடையும் குறையணும், பயிற்சியும் கெடக்கூடாது: சாப்பாட்டுக் கணக்கு போடுவது எப்படி?

அன்று 400 மீட்டரை எட்டு முறை வேகமாக ஓட வேண்டும். நான்காவது சுற்றிலேயே கால் இரண்டும் ஈரத் துணி மாதிரி தொய்ந்துவிட்டன. மூச்சு வாங்கவில்லை, எங்கும் வலியும் இல்லை, கால் மட்டும் எழும்ப மறுத்தது. அன்றிரவு பதினொரு மணிக்கு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தேன்.

அப்போது எடை குறைக்கிறேன் என்று நாளுக்கு 1,400 கலோரியில் இருந்தேன். அதாவது பகலில் 1,400. இரவு சமையலறைக் கணக்கை நான் எழுதவே இல்லை. மாதக் கடைசியில் தராசில் ஏறினால் முள் தொடங்கிய இடத்திலேயே நின்றது. ஓட்டமும் போச்சு, எடையும் குறையவில்லை.

பிறகு கணக்கை மாற்றிப் போட்டேன். சாப்பாட்டைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் பயிற்சியைச் சுற்றியுள்ள சில மணி நேரத்தில் கை வைக்காமல், நாளின் மற்ற நேரத்திலிருந்து குறைக்க வேண்டும். ஓடுபவர், சைக்கிள் மிதிப்பவர், ஜிம்மில் கனமாகத் தூக்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், சாப்பாடு விஷயத்தில் முன்பு மனநலச் சிக்கல் இருந்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

படி 1: இரண்டு வாரம் எதையும் குறைக்காதீர்கள்

வழக்கம்போல் சாப்பிடுங்கள். சாப்பிட்டதை எல்லாம் எழுதுங்கள். தினமும் காலையில் கழிப்பறை போய் வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். நாள்தோறும் வரும் எண்ணைக் கண்டுகொள்ளாமல் ஏழு நாள் சராசரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம். உப்பு, தண்ணீர், குடலில் இருப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

சமையல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. அதில் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி இது: 100 கிராம் வேகாத அரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. அதே அரிசி வெந்து சோறாகும்போது தண்ணீரை இழுத்து ஏறக்குறைய 270 கிராம் ஆகிவிடும். ஆகவே 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். தட்டில் சோற்றை எடை போட்டுவிட்டு அட்டவணையில் அரிசியின் எண்ணைப் பார்த்து எழுதினால், சாப்பிட்டதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் கணக்கில் ஏறும். நான் மூன்று நாள் அப்படித்தான் எழுதினேன். 'இவ்வளவு சாப்பிட்டும் பசிக்கிறதே' என்று குழம்பியதுதான் மிச்சம்.

எண்ணெயை மறக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.

படி 2: உங்கள் செலவைக் கணக்கிடுங்கள்

படுத்தே கிடந்தாலும் உடல் செலவழிக்கும் ஆற்றலை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் போதும்:

(எடை கிலோவில் × 10) + (உயரம் செ.மீ.யில் × 6.25) − (வயது × 5). இதோடு ஆண் என்றால் 5-ஐக் கூட்டவும், பெண் என்றால் 161-ஐக் கழிக்கவும்.

80 கிலோ எடை, 170 செ.மீ. உயரம், 35 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 800 + 1,062 − 175 + 5, அதாவது சுமார் 1,690 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கிறார், வீட்டு வேலையும் கொஞ்சம் நடையும் உண்டு என்றால் இதை 1.4-ஆல் பெருக்கலாம். 2,370 வரும். பயிற்சி இல்லாத நாளில் அவருடைய செலவு இதுதான்.

அப்புறம் பயிற்சி. ஓட்டத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 80 கிலோ ஆள் 8 கி.மீ. ஓடினால் 640. சும்மா இருந்தாலும் அந்த நேரத்தில் கொஞ்சம் செலவாகியிருக்கும் அல்லவா, அதைக் கழித்து 570 என்று வைப்போம். ஓடும் நாளில் மொத்தச் செலவு 2,940.

கையில் கட்டியிருக்கும் கடிகாரம் சொல்லும் கலோரியை அப்படியே நம்ப வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

சூத்திரத்தின் எண்ணையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். இரண்டு வாரம் எழுதிய கணக்கில் எடை மாறாமல் இருந்திருந்தால், சாப்பிட்ட சராசரிதான் உங்கள் உண்மையான செலவு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் நில்லுங்கள். ஒழுங்காக எழுதியிருந்தால், அதாவது இரவு பிஸ்கட்டையும் சேர்த்து.

படி 3: குறைவாகக் குறையுங்கள்

கடுமையாகப் பயிற்சி செய்பவர்கள் வாரத்துக்கு உடல் எடையில் 0.5 சதவீதம், மிஞ்சினால் 0.7 சதவீதம் குறைத்தால் போதும். 80 கிலோ ஆளுக்கு 400 முதல் 550 கிராம். பார்க்கச் சின்ன எண்தான். நார்வேயில் முன்னணி விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றை வாரம் 0.7 சதவீதமும் மற்றதை 1.4 சதவீதமும் குறைக்கச் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இரு குழுவும் எடைப்பயிற்சி செய்தன. மெதுவாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடியிருந்தது. வேகமாகக் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி உண்டு. நாளுக்கு 400 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 2,800, அதாவது 360 கிராம் கொழுப்பு. நம் உதாரண ஆளுக்கு இது போதும்.

இந்த 400-ஐ ஏழு நாளும் ஒரே மாதிரி வெட்டாதீர்கள். வாரம் நான்கு நாள் ஓடுகிறார் என்றால், ஓடும் நாளில் 340 குறைத்து 2,600 சாப்பிடட்டும். ஓய்வு நாளில் 480 குறைத்து 1,890. வாரக் கணக்கு அதேதான், ஆனால் வேலை செய்கிற நாளில் வயிறு காயாது.

கீழே எவ்வளவு வரை போகலாம்? இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சாப்பிட்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் உடல் மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும் அபாயம் கூடுகிறது: மாதவிடாய், எலும்பு உருவாக்கம், நோய் எதிர்ப்பு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்தப் பாதிப்புகளுக்கு ஒரு தனிப் பெயரே வைத்தது. ஆண்களுக்கும் இது வரும். நம் ஆளின் 80 கிலோவில் 20 கிலோ கொழுப்பு என்று கொண்டால் மீதி 60. ஓடும் நாளில் (2,600 − 570) ÷ 60 = கிட்டத்தட்ட 34. ஓய்வு நாளில் 31.5. இதற்கு மேல் வெட்ட இடமில்லை.

பழைய கதை ஒன்று. 1945-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் தாமாக முன்வந்து, ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரியில் இருந்தார்கள், வாரம் 35 கி.மீ. நடந்துகொண்டு. அவர்களில் பலர் சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிட்டார்கள். நள்ளிரவில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் தட்டை ஒருமுறை பாருங்கள்.

படி 4: புரதத்தை ஆணி அடித்து நிறுத்துங்கள்

எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் புரதம். நம் ஆளுக்கு 140 கிராம் என்று வைப்போம். ஓடும் நாளோ ஓய்வு நாளோ, இது மாறக்கூடாது. நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 35 கிராம்.

ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30, ஒரு தம்ளர் பாலில் 8, ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 18. முதல் வாரம் எழுதிப் பார்த்தால் பலருக்கும் 60, 70 கிராமைத் தாண்டாது. எனக்கு 58 இருந்தது. சைவம் என்றால் பருப்பு, சோயா, பால் பொருள்களோடு கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

கொழுப்பு நாளுக்கு 70 கிராம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 5: மாவுச்சத்தைப் பயிற்சியைச் சுற்றி வையுங்கள்

வேகமாக ஓடும்போதும் கனம் தூக்கும்போதும் உடல் பெரும்பாலும் எரிப்பது கிளைக்கோஜனை. தசையில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் 100 கிராம் வரையும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து அது. கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்து எரியாது. நான்காவது சுற்றில் என் கால் தொய்ந்ததற்கு இதுவே காரணம். வயிற்றில் சதை இருந்தது, தொட்டியில் எரிபொருள் இல்லை.

கணக்கு இது. புரதத்துக்கு 560 கலோரி (கிராமுக்கு 4), கொழுப்புக்கு 630 (கிராமுக்கு 9), ஆக 1,190. ஓடும் நாளில் மீதி 1,410, அதாவது சுமார் 350 கிராம் மாவுச்சத்து. ஓய்வு நாளில் மீதி 700, அதாவது 175 கிராம். சரிபாதி. ஏற்ற இறக்கம் முழுக்க இந்த ஒன்றில்தான்.

மாலை 6 மணிக்கு ஓட்டம் என்றால் நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்:

மதியம் 2:30 மணிக்கு முழுச் சாப்பாடு. 250 கிராம் சோறு (70 கிராம் மாவுச்சத்து), பருப்பு, முட்டையோ கறியோ. எண்ணெயும் நார்ச்சத்தும் அந்த வேளையில் மட்டும் குறைவு. காய்கறி நல்லதுதான், ஆனால் ஒரு கிண்ணம் முட்டைக்கோஸைச் சாப்பிட்டுவிட்டு வேக ஓட்டம் ஓடிப் பார்த்தவருக்குத் தெரியும்.

5:15-க்கு ஒரு வாழைப்பழம், பெரியதாக இருந்தால் 30 கிராம் மாவுச்சத்து. கூடவே ரெண்டு வாய் தண்ணீர்.

ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் இடையில் எதுவும் தேவையில்லை. ஒன்றரை மணி, இரண்டு மணி என்று போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். 'எடை குறைக்கிற நேரத்தில் சர்க்கரைத் தண்ணீரா?' என்று எனக்கும் மனசு உறுத்தியது. அந்த 160 கலோரி இரவு பிஸ்கட்டைத் தடுத்தபோது உறுத்தல் போய்விட்டது.

இரவு 8 மணிக்குச் சாப்பாடு: புரதம் 35 கிராம், மாவுச்சத்து 90 கிராம். 'ராத்திரி சோறு சாப்பிட்டால் எடை போடும்' என்று யாராவது சொல்வார்கள். நாள் கணக்கு சரியாக இருந்தால் மணி என்ன என்பது பொருட்டில்லை.

அதிகாலையில் ஓடுபவர்களுக்கு முந்தின இரவுச் சாப்பாடுதான் எரிபொருள், அதில் கை வைக்காதீர்கள். கிளம்பும்போது ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டு ரொட்டியோ போதும். வெறும் வயிற்றில் மெதுவாக ஓடலாம், தப்பில்லை. வேகப் பயிற்சியை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

அப்போ எதைத்தான் குறைப்பது? சர்க்கரை போட்ட பானங்கள், பொரித்த நொறுக்குகள், தாளிக்கும் எண்ணெயின் அளவு, மது, ஓய்வு நாளில் பழக்கதோஷத்தில் வாங்கும் இரண்டாம் தட்டு. 400 கலோரி இங்கேயே கிடைத்துவிடும்.

படி 6: தராசோடு இவற்றையும் பாருங்கள்

முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கினால் குதிக்க வேண்டாம். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது குறைந்தால் தண்ணீரும் போகும். கடுமையான பயிற்சிக்கு மறுநாள் எடை ஏறினால் பயப்படவும் வேண்டாம், தசை சரியாகும்போது நீர் கோக்கும். மூன்று வாரச் சராசரியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மூன்று வாரமும் அசையவே இல்லை என்றால், படி 3-இல் சொன்ன 30 என்ற வரம்புக்குக் கீழே போகாமல், ஓய்வு நாளில் 100 கலோரி வரை குறையுங்கள், ஓடும் நாளில் அல்ல.

நோட்டில் எடைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு கட்டம் போடுங்கள்: காலை நாடித்துடிப்பு, தூக்கம், எரிச்சல், பயிற்சி எப்படிப் போனது. வழக்கமான வேகத்தைத் தொடர்ந்து இரண்டு வாரம் எட்ட முடியவில்லை, ராத்திரி மூன்று மணிக்குப் பசித்து விழிப்பு வருகிறது, எப்போதும் குளிர்கிறது, சளி விடுவதே இல்லை என்றால் உடனே நாளுக்கு 200 கலோரி கூட்டுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டாலோ, எலும்பில் ஓரிடத்தில் குத்தலாக வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

படி 7: இடைவெளி விடுங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் குறைத்தபின் ஒன்றிரண்டு வாரம் செலவுக்குச் சமமாகவே சாப்பிடுங்கள். போட்டி இருந்தால் அதற்கு முந்தைய வாரம் குறைப்பே கூடாது. அந்த வாரம் தராசில் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். அதில் பெரும்பகுதி கிளைக்கோஜனும் அது பிடித்து வைத்த தண்ணீரும்தான், தொடக்கக் கோட்டில் உங்களுக்கு வேண்டியதும் அதுதான். மீண்டும் கணக்கு போடும்போது சூத்திரத்தில் பழைய 80 கிலோவையே போட்டுவிடாதீர்கள். 75-க்கு வந்த ஆளுக்கு ஓய்வு நாள் செலவு 2,300 கலோரிதான், 8 கி.மீ. ஓட்டத்துக்கும் 40 கலோரி போலக் குறையும்.