பைனா, ஸ்ப்ரூஸா? ஊசியை உருட்டிப் பாருங்கள்

டெல்லி வெயில் தாங்காமல் சிம்லா, மணாலி கிளம்பும் நாம் அங்கே ஊசியிலை மரம் எதைக் கண்டாலும் பைன் என்றே சொல்கிறோம். கீழே விழுந்து கிடக்கும் ஒரு சிறு கிளை போதும், சரியாகச் சொல்லிவிடலாம். (மரத்திலிருந்து ஒடிக்காதீர்கள்.)

ஊசிகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருந்தால் சீர் பைன். கல்கா தாண்டி மலையேறும்போதே இது வந்துவிடும். ஐந்து ஐந்தாக என்றால் நீலப் பைன். குட்டையான முளையில் நிறைய ஊசிகள் வட்டமாக விரிந்தால் தேவதாரு. மணாலி ஹிடிம்பா கோயிலைச் சுற்றி ஓங்கி நிற்பது இதுதான். ஆனால் தேவதாருவின் இளங்கிளை நுனியில் ஊசிகள் தனித்தனியாக இருக்கும், அதனால் சற்று முதிர்ந்த பகுதியைப் பாருங்கள்.

எல்லா ஊசியும் தனித்தனி என்றால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் அல்லது ஃபர். பலரும் குழம்புவது இங்கேதான். ஓர் ஊசியை விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். நாலு பட்டையுள்ள ஸ்ப்ரூஸ் எளிதாக உருளும், தட்டையான ஃபர் உருளாது. ஊசி உதிர்ந்த ஸ்ப்ரூஸ் கிளையைத் தடவினால் சொரசொரக்கும். ஸ்ப்ரூஸ் காய் கீழ்நோக்கித் தொங்கும். ஃபர் காய் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால், சிறுகிளைகள் பின்னிய சடை போலத் தொங்குவது இமயமலை ஸ்ப்ரூஸ்.