கேரவன் வாங்கும் முன் எடையைப் பாருங்கள்

காரின் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன் வாங்கும் எண்ணமா? கட்டில், சமையல் மேடையெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அந்த அளவு இன்னும் குறையும்.

விற்பவர் சொல்வது பெரும்பாலும் காலி எடைதான். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ கூடிவிடும். சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் அதற்கு மேல். முழுச் சுமையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது கொக்கியில் இறங்கும் பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதமாவது அங்கே இறங்க வேண்டும். 1,000 கிலோ என்றால் 100 கிலோ. அதைக் காரின் கொக்கி தாங்குமா என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள். பாரம் குறைந்தால் ஈசிஆரில் வேகம் எடுக்கும்போது, பக்கக் காற்று அடித்தால் டிரெய்லர் வாலாட்டும், ரொம்பவே ஆபத்து. கனமான சாமான்களை ஆக்சிலுக்கு அருகே, தாழ்வாக வையுங்கள்.

சாமான் ஏற்றியபின் மாதவரம் பக்கம் லாரிகள் போகும் எடை மேடை ஒன்றில் நிறுத்தி எடை போடுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் திட்டம் இருந்தால், உச்ச அளவுக்கு நன்றாகக் கீழேயே நில்லுங்கள்.